மேய்ச்சல் இயக்ககத்துக்குத் தரை போட்ட கதை

கர-தாஷ் ஊரில் மேய்ச்சல் நில இயக்ககத்துக்குப் புது அலுவலகம் கட்டினார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரை ஏறிவிட்டது, கூரைக்கு மேல் கொடியும் ஏறிப் படபடத்துக்கொண்டிருந்தது. தரை மட்டும் இன்னும் போடவில்லை. தரை போடாததால் அரசாங்கம் உள்ளே போகவில்லை. மேசை, நாற்காலி, இரும்பு அலமாரி, முத்திரைப் பெட்டி எல்லாம் முற்றத்துப் பாப்லர் மரத்தடியில் கிடந்தன. இயக்குநரும் அங்கேதான் இருந்தார். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, எசென்குல் தன் குதிரையை வேலியில் கட்டிவிட்டு உள்ளே வந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஆட்டுக்காரர். கோக்-பெல் மலையின் மேட்டுப் புல்வெளியில் கோடை முழுக்க ஆடு மேய்க்க அவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வருடா வருடம் வாங்குவதுதான். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, இருட்டுவதற்குள் வீடு. மனைவி அனார்கானிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த வைக்கோல் தீர்ந்துபோய், ஆடுகள் காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடாரத்தை ஒட்டகத்திலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள்.

மரத்தடியில் செயலாளர் நுரீபா, மடியில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கோக்-பெல் சீட்டு. ஒரு கையெழுத்துதான்."

"கையெழுத்தா? அவரு கையும் ரெடி, பேனாவும் ரெடிண்ணே. நிக்கத்தான் தரை இல்ல."

"இப்ப நின்னுக்கிட்டுதானே இருக்காரு?"

"இது நகராட்சி மண்ணு. இதுல நின்னு போட்டா அது நகராட்சிக் கையெழுத்தாயிரும். எங்க தரையில எங்க கால் இருக்கணும். அப்பத்தான் செல்லும்."

எசென்குல் இயக்குநரின் கால்களைப் பார்த்தார். முனை கூர்த்த கறுப்புச் சப்பாத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு. அந்தக் கால்களில் குறையேதும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அரசாங்கக் கால் விஷயத்தில் நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

இயக்குநர் சபார்பெக் தலாயெவிச் அவரை மேலும் கீழும் அளந்தார். குறிப்பாகக் கீழே. சேறு காய்ந்த அந்தப் பழைய பூட்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நுரீபா, ஆள் கிடைச்சாச்சு!"

விஷயம் இதுதான். தலைநகரிலிருந்து வந்த சுற்றறிக்கையில், தரையைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பொதுமக்களின் பாதம் ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்று கண்டிருந்தது. பாதம் கிடைக்காமல் குழு நாள்கணக்காக மூளியாக நின்றது. ஊர்க்காரர்கள் விஷயம் தெரிந்து அந்தத் தெரு வழியாகவே நடப்பதை விட்டிருந்தார்கள். எசென்குல் அசலூர். வகையாக மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, தரை முடிவானா அன்னைக்கே உங்க சீட்டு. முதல் கையெழுத்தே உங்களுக்குத்தான்" என்று இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். அப்படியே மேசை மேல் ஏறி நின்று, கூடியிருந்த குமாஸ்தாக்களுக்கும் ஒரு நாய்க்கும் உரையாற்றினார். "சகோதரர்களே! சுவர் எதுக்கு? சாயறதுக்கு. கூரை எதுக்கு? மழைக்கு. ஆனா தரை? தரை மேலதான் அதிகாரம் நிக்குது. மக்களுக்கு எங்க முகம் தெரியாது. அவங்க தலை குனிஞ்சுதான் வருவாங்க, தலை குனிஞ்சுதான் போவாங்க. அவங்க கண்ணுல படற ஒரே அரசாங்கம் தரைதான்!"

நாயைத் தவிர எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் கிரானைட் வந்தது. கூடத்தில் ஒரு பங்குக்கு மட்டும் மாதிரிக்காகப் பதித்தார்கள். தொழில்நுட்பப் பரிசோதகர் வலெந்தினா பெத்ரோவ்னா ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மட்டம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு சொன்னாள். அவள் ஒரு நாளில் பேசும் சொற்கள் அவ்வளவுதான் இருக்கும். எசென்குலை வாசலிலிருந்து நடக்கச் சொன்னார்கள். டக், டக், டக். இயக்குநர் உள்ளறையில் கண்ணை மூடிக்கொண்டு, இசை கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அடடா! மனு கொடுக்க வர்ற ஆள் வாசல்ல கால் வைக்கும்போதே எனக்குக் கேட்குது. பின்கதவைத் திறக்க எனக்குத் தாராளமா நேரம் இருக்கு."

அடுத்து அவரே பின்கதவு வரை நடந்து பார்த்தார். டக், டக், டக். முகம் சுருங்கிவிட்டது.

"எடுங்க இத. மக்கள் வர்றது எங்களுக்குக் கேட்கணும், நாங்க போறது மக்களுக்குக் கேட்கக் கூடாது. நல்ல நிர்வாகம்னா அதான்."

மூன்றாம் நாள் மரப்பலகை வந்தது. பைன் மர வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. எசென்குல் நடந்தபோது பலகை சும்மா இருந்தது. இயக்குநர் ஏறியதும் 'கிரீச்' என்றது. அவர் ஒரு காலைத் தூக்கினார், அதற்கும் 'கிரீச்'. சோதனைக்காக ஒரு கோப்புக் கட்டை எடுத்து, "இது அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிக் கீழே வைத்தார். பலகை நீளமாக முனகியது.

"எதிர்த்துப் பேசற தரை எனக்கு வேணாம். ஏற்கெனவே வீட்டுல ஒண்ணு இருக்கு."

வீட்டில் இருப்பது தரையா வேறேதாவதா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்று மாலை அனார்கான் கைப்பேசியில் கூப்பிட்டாள். "ஏ கெழவா, சீட்டு வாங்கப் போனியா, இல்ல அங்கயே குடும்பம் பண்ணப் போனியா?"

"தரை போடுறாங்க கெழவி."

"அவங்க தரை போட்டா ஒனக்கென்ன? நீ கொத்தனாரா?"

"என் கால் வேணுமாம்."

"முப்பத்தஞ்சு வருசமா அந்தக் காலைப் பார்க்கிறேன். எனக்கே வேண்டியிருக்கல. அரசாங்கத்துக்கு எதுக்கு? ஆடு என் பாவாடையைத் திங்க ஆரம்பிச்சிருச்சு. வந்து சேரு."

கர-தாஷில் இருந்த மச்சான் வீட்டுக் கட்டிலில் படுத்த எசென்குலுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. ஆடுகளின் ஒட்டிய வயிறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்தது லினோலியம் என்ற வழுவழுப்பான தரை விரிப்பு. இதை வலெந்தினா பெத்ரோவ்னாவே சிபாரிசு செய்திருந்தாள். பழுப்பு நிறம், நடுவில் மங்கலாக ஒரு கோடு. அந்த நாளில் ஜனங்கள் வரிசையில் நின்றே பழகிய ஆஸ்பத்திரி, ரொட்டிக் கடை, ராணுவ அலுவலகம் எங்கும் இருந்த அதே ரகம். சுருளைக் கூடத்தில் உருட்டிவிட்டு வேலையாட்கள் ஒதுங்கினார்கள். முதலில் நுரீபா கோட்டருகே போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் கணக்கர் நின்றார். அவருக்குப் பின்னால் எசென்குல். கொஞ்ச நேரத்தில் வாசல் வரை வரிசை வளர்ந்துவிட்டது. தெருவில் போனவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்து, கையிலிருந்த பையைப் பிரித்துக்கொண்டு கடைசியில் சேர்ந்துகொண்டார்கள்.

வரிசையின் நடுவில் நின்ற இயக்குநர் முன்னால் இருந்தவரின் தோளைத் தட்டினார். "என்ன கொடுக்கிறாங்க?"

"தெரியல. ஆனா எனக்குப் பின்னாடி இந்தம்மா இருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடிதான் நீங்க. குறுக்கப் புகாதீங்க."

"நான் இந்த ஆபீஸ் இயக்குநர்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றாள் அந்தம்மா.

வரிசை மாலை வரை நகராமல் நின்று, ஆறு மணிக்கு "இன்னைக்குத் தீர்ந்துபோச்சு" என்று யாரோ சொன்னதும் திருப்தியோடு கலைந்தது. அத்தோடு லினோலியமும் தீர்ந்தது.

அதன் பிறகுதான் நுரீபா ஆட்டு ரோம விரிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாள். ரோமத்தை அமுக்கிக் கெட்டியாக்கி, சிவப்பும் கறுப்புமாகக் கொம்பு வடிவங்கள் வெட்டித் தைத்த ஷிர்தாக். "நாம மேய்ச்சல் இயக்ககம். ஆடு தந்த தரைதான் நமக்குப் பொருத்தம். சத்தமும் வராது" என்றாள். சத்தம் வராது என்றதும் இயக்குநர் மறு பேச்சில்லாமல் சம்மதித்தார். சுவரிலிருந்து சுவர் வரை விரித்தார்கள்.

எசென்குல் வாசலுக்கு வந்தார், விரிப்பைப் பார்த்தார், பூட்ஸைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. ரோம விரிப்பைப் பார்த்தால் கால் தானாகக் கழற்றிக்கொள்ளும். அவருக்குப் பின்னால் குழு முழுவதும் கழற்றியது. இயக்குநரும் கழற்றினார். அவர் வலது காலுறையிலிருந்து பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எல்லாரும் பார்க்காதது போலப் பார்த்தார்கள்.

நாற்காலி போட்டால் விரிப்பு பாழாகும். ஆகவே தரையிலேயே உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் வாசலுக்கு நேர் எதிரே உள்ள மரியாதை இடம் இருப்பவர்களில் வயதில் மூத்தவருக்கு. எசென்குல்தான் மூத்தவர். இயக்குநர், விருந்தளிக்கும் வீட்டுக்காரர் என்ற முறையில், வாசலோரம் மண்டியிட்டு உட்கார்ந்தார். விரிப்பின் நடுவே வெறுமையாக இருப்பது மானக்கேடு என்று நுரீபா ஒரு துணியை விரித்துத் தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். எவனோ ஓடிப்போய் எண்ணெயில் பொரித்த போர்சோக் பலகாரமும் வெண்ணெயும் வாங்கி வந்தான். இயக்குநரின் கை தேநீர்க் கெண்டியைத் தூக்கியது.

"அடுத்த ஆள் யாரு?" என்று கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார். "அண்ணே, ரொட்டி தொடுங்க" என்றுதான் வந்தது. அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி.

"தம்பி, அந்தச் சீட்டு..." என்று எசென்குல் ஆரம்பித்தார். ஒரு தரம் விரிப்பில் உட்கார்ந்ததும் 'ஐயா' என்பது 'தம்பி' ஆகிவிட்டிருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

"ரொட்டி இருக்கிற இடத்துல காரியம் பேசலாமாண்ணே? முதல்ல சாப்பிடுங்க."

தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும். தீரத் தீரக் கேட்டு வாங்கிக் குடிப்பதுதான் மரியாதை. கிண்ணம் வழிய ஊற்றினால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். இயக்குநர் மனதுக்குள் ஒவ்வொரு தடவையும் வழிய ஊற்றத்தான் நினைத்தார். கை ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. எசென்குல் குடித்துக்கொண்டே இருந்தார், அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வாசலில் செருப்புக் குவியலைக் கண்ட ஊர் 'விருந்து போலிருக்கிறது' என்று திரண்டு வந்தது. வந்தவனை எதற்கு வந்தாய் என்று விருந்து விரிப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்க முடியுமா? கேட்டால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு. மதியத்துக்கு மேல் இயக்குநர் தன் வீட்டு ஆடு ஒன்றை அறுத்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டியதாயிற்று. வெந்த ஆட்டுத் தலையை மூத்தவரான எசென்குலின் முன்னால் வைத்தார்கள். ஒருவன் மூன்று தந்தி கோமுஸை மீட்டிப் பாட ஆரம்பித்தான். வலெந்தினா பெத்ரோவ்னா ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாலு கிண்ணம் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் குடித்து, அந்த வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

கடைசியில் மூத்தவர் ஆசி சொல்ல வேண்டும். எசென்குல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். "இந்த வீடு எந்நாளும் நிறைஞ்சிருக்கட்டும், வர்றவங்க குறையாம வரட்டும், அடுப்பு அணையாம இருக்கட்டும்!" எல்லாரும் 'ஓமின், அப்படியே ஆகட்டும்' என்று முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். ஆசி முடிந்தால் கூட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்து காரியம் பேசுவது ஆகாத செயல். இது எழுந்து நின்ற பிறகுதான் எசென்குலுக்கு உறைத்தது. தன் சீட்டைத் தானே ஆசி சொல்லி அனுப்பிவைத்துவிட்டார். அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார்.

வாசலில் இயக்குநரின் பளபளப்புச் சப்பாத்தை யாரோ மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் யாருடையதோ ரப்பர் பூட்ஸில் சளக் சளக்கென்று வீட்டுக்குப் போனார்.

மறுநாள் குழு முன் அவர் பேசியபோது குரல் கம்மியிருந்தது. "பாத்தீங்களா? இந்தத் தரையில ஆட்சி பண்ண முடியாது. செருப்பைக் கழட்டினதும் பதவியும் சேர்ந்து கழண்டுருது. நேத்து முழுக்க நான் ஒருத்தரைக் கூடக் காக்க வைக்கல! பசியோட வந்தவன் சாப்பிட்டுப் போயிருக்கான். இது ஆபீஸா, என்ன?"

போதாக்குறைக்கு அன்று இன்னொரு இடியும் விழுந்தது. எதிர்த்தெருவில் இருந்த நீர்ப்பாசன இயக்ககம் கண்ணாடியால் தரை போட்டு, அடியில் உண்மையான ஓடையையே ஓட விட்டிருந்தது. அதில் மீன் நீந்தியதாம். தலைநகரிலிருந்து வந்தவர்கள் குனிந்து பார்த்து, 'துறைக்கேற்ற தரை' என்று வாழ்த்திவிட்டுப் போனார்களாம்.

"அவனுக்குத் தண்ணின்னா நமக்கு என்ன?" என்று சபார்பெக் மேசையைக் குத்தினார். "புல்லு! உசுரோட இருக்கிற புல்லு! புல்லுல சப்பாத்தோட நிக்கலாம், நடந்தா சத்தமும் வராது. அண்ணே, நீங்க சொல்லுங்க. இந்த மாவட்டத்துல எந்தப் புல்லு உசத்தி?"

எசென்குலின் மனதில் அப்போது ஓடியது ஒன்றே ஒன்று. தன் புல்வெளியை உயர்த்திச் சொன்னால் இந்த ஆளுக்கு அதன் அருமை புரியும், சீட்டை உடனே தருவார். ஆகவே பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்லும் தகப்பன் போல ஆரம்பித்தார்.

"கோக்-பெல்தான் ஐயா! மத்ததெல்லாம் பச்சையா இருக்கும், அவ்வளவுதான். கோக்-பெல் மேட்டுப் புல்லு கால் வச்சா மெத்தென்னு அமுங்கும், எடுத்தா எந்திரிச்சுக்கும். நடுவுல நடுவுல காட்டு வெங்காயம். அதை மேஞ்ச ஆட்டுக்கறிக்கு உப்பே வேணாம்."

"சத்தியமா?"

"என் காலு மேல சத்தியம்."

"எழுதிக்கோ நுரீபா. பொதுமக்களின் பாதம் தேர்ந்தெடுத்துவிட்டது."

அதன் பிறகு இரண்டு மூன்று நாள் அவரை யாரும் நடக்கச் சொல்லவில்லை. நல்லதாயிற்று என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு மத்தியானம் காற்றில் காட்டு வெங்காய வாசனை வந்தது. ஊருக்குள் எப்படி இந்த வாசனை என்று நிமிர்ந்தார். தெருமுனையில் லாரிகள் திரும்பின. ஒன்றன் பின் ஒன்றாக, பாயைச் சுருட்டியது போல மண்ணோடு சேர்த்துச் சுருட்டிய புல்லுடன். சுருள்களுக்கிடையில் மஞ்சள் பூக்கள் நசுங்கித் தொங்கின.

எசென்குலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் புல்லை அவருக்குத் தெரியாதா? ஓடிப்போய் இயக்குநரின் சட்டையைப் பிடித்தார்.

"இது என் புல்லு! கோக்-பெல்! இதைச் சுருட்டிட்டீங்களே, என் ஆடு எதைத் திங்கும்?"

"உங்க சிபாரிசுதானேண்ணே! தலைநகர்ல உங்க பாதத்தைப் பத்தியே பேச்சு. மேட்டுல ஒரு துணுக்கு விடாம எடுத்தாச்சு. ஆபீஸ் ஒன்பது அறை, தாழ்வாரம், முற்றம், எல்லாத்துக்கும் போக மிச்சம் இருந்துச்சு. அதை வீணாக்க வேணாம்னு என் வீட்டு முற்றத்துல இருப்பு வச்சிருக்கேன். அரசாங்கச் சொத்து, பாதுகாக்கணும் பாருங்க."

எசென்குல் மரத்தடியில் போய் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர், குழந்தை போல அழுதார். தன் வாயாலேயே வந்த வினை என்பதுதான் தாங்க முடியவில்லை.

வலெந்தினா பெத்ரோவ்னா புல்லின் மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நிற்கவில்லை. கத்தரிக்கோல் எடுத்து ஒரு மூலையைக் கொஞ்சம் வெட்டினாள், நின்றது. தரை ஏற்புச் சான்றில் பொருளின் பெயரையும் பிறப்பிடத்தையும் பிசகில்லாமல் எழுத வேண்டும் என்பது விதி. அவள் பிசகுகிறவள் இல்லை. 'கோக்-பெல் மேட்டுப் புல்வெளி, முழுமையும், இங்கு இடம் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

இயக்குநர் புதுச் சப்பாத்துடன் புல்மேல் நின்றார். புகைப்படக்காரன் வந்தான். சொன்ன சொல் தவறாமல் முதல் கையெழுத்தை எசென்குலின் சீட்டில்தான் போட்டார். முத்திரை குத்தி, கையில் திணித்து, சிரிக்கச் சொன்னார்கள். படத்தில் எசென்குலின் முகம் பல்வலிக்காரர் முகம் போல வந்திருந்தது.

அனார்கானைக் கூப்பிட்டார். "கெழவி, சீட்டு கிடைச்சிருச்சு."

"அப்பாடா! நாளைக்கே கோக்-பெல்லுக்கு ஓட்டிட்டுப் போறேன்."

"கோக்-பெல்ல ஒண்ணும் இல்ல. வெறும் மண்ணு. புல்லு பூரா இங்க ஆபீஸ்ல கிடக்கு." நடந்ததையெல்லாம் ஒப்பித்தார்.

அவள் திட்டுவாள் என்று கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அவள் திட்டவில்லை. "சீட்டுல என்ன எழுதியிருக்கு? ஒரு எழுத்து விடாமப் படி."

"'கோக்-பெல் மேட்டுப் புல்வெளியை முதல் பனி விழும்வரை எசென்குலின் ஆடுகள் மேயலாம். தடுப்பவர் எப்பதவியில் இருப்பினும் தண்டிக்கப்படுவார்.'"

"எங்க இருக்குன்னு போட்டிருக்கா?"

"அது போடல."

"அப்ப சரி. வாசக்கதவைத் திறந்து வை."

மறுநாள் மத்தியானம் தெரு முழுக்கப் புழுதி. குதிரை மேல் அனார்கான், முன்னால் ஆட்டு மந்தை. எசென்குல் கதவை இரு கையாலும் விரியத் திறந்தார். பட்டினி கிடந்த ஆடுகளுக்கு வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. தாழ்வாரத்தில் புகுந்தன, ஒன்பது அறைகளிலும் பரவின, கணக்கரின் மேசைக்கடியில் நான்கு, இயக்குநரின் நாற்காலியைச் சுற்றி ஒரு கூட்டம். கடவாய் அரைக்கும் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. எசென்குல் வாசலில் நின்று அதைக் கேட்டார். இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக அவருக்கு வயிறு குளிர்ந்தது.

இயக்குநர் ஒரு கிடாவின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினார். "ஏம்மா! இது அரசாங்க ஆபீஸ்!"

"அப்படியா? எனக்குப் புல்லுதான் தெரியுது தம்பி. தள்ளி நில்லு, நீ மிதிச்ச எடத்துல ஆடு வாய் வைக்க மாட்டேங்குது."

"வெளியே ஓட்டு! நான் தடுக்கிறேன்! இயக்குநர் தடுக்கிறேன்!"

"யோவ் கெழவா, எழுதிக்கோ. எப்பதவியில் இருப்பினும்னு போட்டிருந்துச்சே, ஆள் வந்தாச்சு."

சபார்பெக் பாய்ந்து போய் வலெந்தினா பெத்ரோவ்னாவைக் கூட்டி வந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இது என்ன இடம்? ஆபீஸா இல்லையா?"

அவள் சீட்டைப் படித்தாள். தன் சான்றைப் படித்தாள். ஒரு ஆடு ரசமட்டத்தை முகர்ந்து பார்த்தது. "மேய்ச்சல் நிலம்" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று ஏனோ அவளுக்குப் பேச்சு வந்தது. "மேய்ச்சல் நிலத்துல நிரந்தரக் கட்டடம் கூடாது. சட்டம். ஆக்கிரமிப்பு." பென்சிலால் சுவரைத் தட்டிக் காட்டினாள். "இதை இடிக்கணும்."

அந்தச் சட்டத்தில் சபார்பெக் தலாயெவிச்சைப் போலக் கண்டிப்பானவர் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் கோழிக்கூண்டு வைத்தவனைக்கூட அவர் விட்டதில்லை. இப்போதும் விடவில்லை. ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டீஸ் எழுதியவர் அவர். இயக்குநர் என்ற முறையில் அதை வாங்க மறுத்தவரும் அவர். மறுத்ததால் வாசற்கதவில் ஒட்டச் சொன்னவரும் அவர்தான். அவகாசம் கேட்டுத் தனக்கே ஒரு மனு கொடுத்தார். மனுதாரர் கைகட்டி நின்று எவ்வளவோ கெஞ்சியும் இயக்குநர் மசியவில்லை. முன்மாதிரி ஆகிவிடும் என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டார்.

கூரையைப் பிரித்தார்கள். வெயிலும் மழையும் பட்டுப் புல் இன்னும் செழிப்பாக வளர்ந்தது. பிறகு சுவரை எடுத்தார்கள். இயக்குநர் வீட்டு முற்றத்தில் இருந்ததும் கோக்-பெல் புல்தானே, ஆடுகள் வாரத்தில் பாதி நாள் அங்கேயும் போய் வந்தன. அனார்கான் கூடாரத்தை முன்பு கோப்பறை இருந்த இடத்தில் போட்டாள். ஜூலையில் ஆடுகளின் முதுகு பலகையாக அகன்றுவிட்டது.

ஒரு நாள் சபார்பெக் கூடாரத்துக்கு வந்தார். கையில் முத்திரைப் பெட்டி, முகத்தில் நாலு நாள் தாடி. பாப்லர் மரத்தடியில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. எசென்குலுக்குப் பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கிண்ணத்தில் பாதிக்கும் கீழே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எங்கண்ணே போவேன்?" என்றார் இயக்குநர். "மாவட்டம் பூரா தேடிட்டேன். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் காடு, மத்ததெல்லாம் மேய்ச்சல் நிலம். கட்டடம் கட்ட ஒரு முழம் இடம் இல்ல."

எசென்குல் தாடியைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, மேல கோக்-பெல்ல இப்ப ஒரு புல்லு கூடக் கிடையாது. சட்டப்படி அது மேய்ச்சல் நிலமே இல்ல. ஆபீஸ் கட்டத் தோதான எடம். குதிரையில அரை நாள்தான்."

சபார்பெக் தலாயெவிச் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. எசென்குலின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். "உங்கள மாதிரி ஒருத்தர்தாண்ணே இந்த நாட்டுக்கு வேணும்" என்றார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து நுரீபாவைக் கூப்பிட்டு, தரைத் தேர்வுக் குழு மலை மேல் கூடும் தேதியைக் குறிக்கச் சொன்னார்.